டாட்காம் காலத்து விலைச் சண்டையில் யார் சொன்னது சரி?

"1999-ல் அமெரிக்காவில் இணையக் கம்பெனிப் பங்குகளின் விலை நியாயமா இல்லையா என்று பெரிய பெரிய முதலீட்டாளர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அடுத்த வருடமே தொழில்நுட்பக் கம்பெனிகள் நிறைந்த நாஸ்டாக் பங்குச் சந்தை சரிந்தது. ஆனால் பிற்பாடு அமேசான் உலகத்தையே பிடித்துவிட்டது. அப்படியானால் கடைசியில் யார் சொன்னது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. இணையம் உலகத்தை மாற்றுமா என்பது முதலாவது. அந்த மாற்றத்தில் இந்தக் குறிப்பிட்ட கம்பெனி பணம் பார்க்குமா என்பது இரண்டாவது. பார்த்தாலும், இன்றைக்கு நான் கொடுக்கும் விலைக்கு அது கட்டுப்படியாகுமா என்பது மூன்றாவது. அன்றைய சண்டையின் பெரும்பகுதி முதல் கேள்வியில் நடந்தது. பணம் போனது மூன்றாவது கேள்வியில்.

கம்பெனிகளுக்கு மதிப்புப் போடும் வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காலத்து ஆவணங்களைத்தான் முதலில் படிக்கக் கொடுப்பேன். இரண்டு தரப்பு வாதமும் அப்போதே விரிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, முடிவும் நமக்குத் தெரியும். அப்படி ஒரு பாடம் இந்தத் தொழிலில் வேறெங்கும் கிடைக்காது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தபிறகு படிக்கும்போது ஒரு தரப்பு முட்டாள்கள், மறு தரப்பு ஞானிகள் என்று தோன்றும். அது உண்மையில்லை. இரண்டு பக்கமும் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் பெரிய தவறுகள் நடந்தன.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்டில் இணைய உலாவி செய்த நெட்ஸ்கேப் கம்பெனியின் பங்கு 28 டாலருக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 58 டாலருக்கு மேல் முடிந்தது. கம்பெனி லாபம் பார்க்கவே ஆரம்பித்திருக்கவில்லை. 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், காரணமற்ற உற்சாகம் விலைகளை ஏற்றிவிட்டதா என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று ஒரு உரையில் கேட்டார். நாஸ்டாக் குறியீடு அப்போது 1,300 அளவில் இருந்தது. அதன்பிறகும் மூன்றேகால் வருடம் ஏறியது. 1999-ல் மட்டும் 85% ஏற்றம். 2000 மார்ச் 10 அன்று 5,048-ல் உச்சம். 2002 அக்டோபரில் 1,114. அதாவது கிரீன்ஸ்பான் எச்சரித்த நாளில் இருந்ததைவிடக் கீழே. அந்த எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறியவர் கடைசியில் தப்பித்தார்; ஆனால் நடுவில் மூன்று வருடத்துக்கு மேல், தன் கண் முன்னால் எல்லோர் பணமும் கிட்டத்தட்ட நான்கு மடங்காவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியிருந்தது. இந்த நடுக்காலத்தை மறந்துவிட்டு அந்த விவாதத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

விலை சரி என்றவர்களின் வாதத்தை அதன் நல்ல வடிவத்தில் சொல்கிறேன். பி.இ. விகிதம், அதாவது லாபத்தைப் போல விலை எத்தனை மடங்கு என்ற கணக்கு, முதிர்ந்த கம்பெனிக்குத்தான் பொருந்தும். வேகமாக வளரும் கம்பெனி இன்று வேண்டுமென்றே நஷ்டப்படுகிறது, ஏனென்றால் வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவை இன்றைய செலவாகக் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை கட்டியிருந்தால் அது சொத்தாகப் பதிவாகும், வாடிக்கையாளரைச் சேர்த்தால் நஷ்டமாகப் பதிவாகும். அப்புறம், இணையத்தில் முதலில் பெரிதாகிறவனுக்கே எல்லாம் போகும், எனவே நிதானம்தான் ஆபத்து. இந்த வாதத்தில் பிழை இல்லை. நானே இன்றும் வளரும் கம்பெனிகளுக்கு மதிப்புப் போடும்போது இதே திருத்தங்களைச் செய்கிறேன். கணக்குப் புத்தகத்தில் தெரியும் நஷ்டம் வேறு, தொழிலின் நஷ்டம் வேறு.

எதிர்த் தரப்பு சொன்னது இது: சொத்தின் மதிப்பு என்பது அது வாழ்நாளில் கையில் தரப்போகும் பணம்தான், அதைத் தாண்டி எதுவும் கிடையாது. தொழில்நுட்பம் ஊரை வாழவைக்கலாம், முதலீட்டாளரை வாழவைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 1999 ஜூலையில் சன் வேலி என்ற இடத்தில் நடந்த கூட்டத்தில் வாரன் பஃபெட் இதைத்தான் பேசினார். கார்த் தொழிலும் விமானத் தொழிலும் உலகத்தையே மாற்றின, ஆனால் அவற்றில் பணம் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது அவர் எடுத்த உதாரணம். அந்த வருடம் நாஸ்டாக் 85% ஏறியபோது அவருடைய பெர்க்‌ஷயர் பங்கு சுமார் 20% இறங்கியது. காலம் மாறிவிட்டது, இவருக்குப் புரியவில்லை என்று பலரும் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

சரி, இந்த இரண்டு வாதத்தையும் எப்படி உரசிப் பார்ப்பது? என் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு: கணக்கைத் தலைகீழாகப் போடுவது. இந்தக் கம்பெனி எவ்வளவு பெறும் என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த விலை நியாயமாக வேண்டுமானால் என்னென்ன நடந்தாக வேண்டும் என்று கேட்பது. யாஹூவை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதக் கம்பெனி இல்லை. லாபம் பார்த்த கம்பெனி, அன்றைய இணையத்தின் முகம். 2000 ஜனவரியில் அதன் சந்தை மதிப்பு சுமார் 12,500 கோடி டாலர். 1999-ல் அதன் மொத்த வருவாய் சுமார் 59 கோடி டாலர். வருவாயைப் போல 200 மடங்குக்கு மேல். லாபத்தை அல்ல, வருவாயைப் போல.

இப்போது தலைகீழாக வருவோம். பங்கு வாங்கியவர் வருடத்துக்கு 10% எதிர்பார்க்கிறார் என்று வையுங்கள், இது பேராசை இல்லை. 10 வருடத்தில் அந்த 12,500 கோடி சுமார் 32,500 கோடி ஆக வேண்டும். அப்போது யாஹூ முதிர்ந்த கம்பெனியாகி, லாபத்தைப் போல 25 மடங்குக்கு விலைபோகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதற்கு வருட லாபம் 1,300 கோடி டாலர் வேண்டும். 100 டாலர் வருவாயில் 20 டாலர் நிகர லாபம் என்றால் வருவாய் 6,500 கோடி வேண்டும். 59 கோடியிலிருந்து 6,500 கோடிக்கு 10 வருடத்தில் போக வேண்டுமென்றால், ஒரு வருடம் கூடத் தவறாமல் வருடத்துக்கு 60% வளர வேண்டும். நடுவில் ஊழியர்களுக்குப் பங்காகச் சம்பளம் கொடுத்துப் பங்கு எண்ணிக்கை கூடினால் இதற்கும் மேல். அன்று அமெரிக்காவில் தொலைக்காட்சி, பத்திரிகை, வானொலி எல்லாம் சேர்ந்த மொத்த விளம்பரச் செலவே சுமார் 20,000 கோடி டாலர். அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான தொகையை இந்த ஒரு கம்பெனி அள்ள வேண்டும்.

இந்த இடத்தில் பலர் "பார்த்தீர்களா, அபத்தம்" என்று முடித்துவிடுவார்கள். முடிக்கக் கூடாது, ஏனென்றால் அது நடந்தது. இணைய விளம்பரத்தை நம்பி வாழும் ஒரு கம்பெனி ஒரு வருடத்தில் 6,600 கோடி டாலர் வருவாய் பார்த்தது. அந்தக் கம்பெனி கூகுள், அந்த வருடம் 2014. ஆக, கனவு கண்டவர்கள் தொழிலின் அளவைப் பற்றி ஏறக்குறைய சரியாகத்தான் கண்டார்கள். பெயரில்தான் தவறினார்கள், காலத்திலும் ஐந்து வருடம் தவறினார்கள். கூகுள் 2004-ல் பங்கு வெளியிட்டபோது அதன் மொத்த மதிப்பு சுமார் 2,300 கோடி டாலர். யாஹூவின் உச்ச மதிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. யாஹூவின் வருவாய் அதன் வாழ்நாளில் 1,000 கோடியை எட்டவேயில்லை. 2017-ல் அதன் இணையத் தொழிலை வெரைசன் என்ற தொலைபேசிக் கம்பெனி 448 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. மேலே சொன்ன மூன்று கேள்விகளை இதில் வைத்துப் பாருங்கள். முதல் கேள்விக்கு விடை ஆம். இரண்டாவதில் கம்பெனி மாறிப்போனது. மூன்றாவதில் விலை எந்தத் தவறுக்கும் இடமே வைக்கவில்லை.

இரண்டாவது கேள்விக்கும் விடை ஆம் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிஸ்கோவைப் பார்க்கலாம். 2000 மார்ச் கடைசியில் 55,500 கோடி டாலர் மதிப்போடு உலகத்திலேயே விலைமதிப்பு மிக்க கம்பெனியாக இருந்தது. அந்த நிதியாண்டின் விற்பனை 1,890 கோடி. 2001-ல் வந்த சறுக்கலைத் தாண்டியபின் சிஸ்கோவுக்குத் தொழிலில் பெரிய குறை வரவில்லை என்றே சொல்லலாம். இணையத்தின் குழாய்களைச் செய்கிற வேலையில் அது முன்னணியிலேயே இருந்தது, விற்பனை பின்னாளில் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, லாபமும் வளர்ந்தது. ஆனால் அன்று 80 டாலருக்கு வாங்கியவர் 20 வருடம் காத்திருந்தும் அந்த விலையைத் திரும்பப் பார்க்கவில்லை. கம்பெனியைச் சரியாகத் தேர்ந்தெடுத்து, கொடுத்த விலையால் மட்டுமே தோற்றவர்கள் இவர்கள். அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு மிகவும் முக்கியமானது இதுதான், பெட்ஸ்.காம் மாதிரி பங்கு வெளியிட்டு ஒன்பது மாதத்தில் மூடிய கடைகளின் கதை இல்லை.

அடுத்து நீங்கள் கேட்ட அமேசான். 1998 டிசம்பர் 16 அன்று, சிஐபிசி ஓப்பன்ஹைமர் என்ற முதலீட்டு வங்கியில் ஆய்வாளராக இருந்த ஹென்றி பிளாட்ஜெட், அமேசான் பங்கு 400 டாலருக்குப் போகும் என்றார். அப்போது விலை 240 டாலர் அளவில். பங்கு அன்று ஒரே நாளில் 19% ஏறியது. மெரில் லின்ச் என்ற இன்னொரு முதலீட்டு வங்கியில் இருந்த ஜோனதன் கோஹன், அதே பங்கு 50 டாலர்தான் பெறும் என்றார். சில வாரத்திலேயே விலை 400-ஐத் தாண்டியது. கோஹன் வெளியேறினார், மெரில் லின்ச் பிளாட்ஜெட்டையே வேலைக்கு எடுத்தது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இதன் பிறகு நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 1999 ஜனவரியில் ஒரு பங்கு மூன்றானது, செப்டம்பரில் ஒன்று இரண்டானது. அதனால் அன்றைய 50 டாலர் என்பது பிரிவுக்குப் பிந்தைய கணக்கில் 8 டாலர் 33 சென்ட். 2001 இலையுதிர்காலத்தில் அமேசான் 6 டாலருக்கும் கீழே முடிந்தது. அதாவது 400 சொன்னவரின் விலையும் வந்தது, 50 சொன்னவரின் விலையும் வந்தது, அதற்குக் கீழேயும் போனது. மூன்று வருடத்துக்குள். யார் சொன்னது சரி என்று கேட்டால், எந்தத் தேதியில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. ஒரு விலை இலக்கு நிறைவேறியதால் அதன் பின்னால் இருந்த காரணம் சரியாகிவிடாது.

அன்று பயன்படுத்திய அளவுகோல்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாபம் இல்லாததால் விலையை வருவாயோடு ஒப்பிட்டார்கள். வருவாயும் போதாதபோது தளத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். எந்த எண்ணை வைத்து விலை போடுகிறார்களோ அந்த எண்ணைக் கம்பெனிகள் பெருக்கிக் காட்டும்; இது நான் என் வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்தது. பிரைஸ்லைன் விமான டிக்கெட்டின் முழு விலையையும் தன் வருவாயாகக் காட்டியது, தனக்குக் கிடைத்த இடைத்தொகையை மட்டும் அல்ல. இரண்டு இணையதளங்கள் ஒன்றின் பக்கத்தில் மற்றது விளம்பரம் போட்டுக்கொண்டு, கையில் பணம் மாறாமலே இருவரும் வருவாய் எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அமெரிக்கக் கணக்கியல் அமைப்புகள் 1999, 2000 வாக்கில் இவற்றுக்கு விதி வகுக்க வேண்டியதாயிற்று. இன்னும் எளிதான வழியும் இருந்தது. தங்கள் பெயரில் டாட்காம் சேர்த்துக்கொண்ட கம்பெனிகளை கூப்பர், டிமிட்ரோவ், ராவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் பிற்பாடு எடுத்துப் பார்த்தார்கள். அறிவிப்பை ஒட்டிய 10 நாளில் சந்தையைவிட 74% கூடுதலாக அவை ஏறியிருந்தன. செய்யும் தொழிலுக்கும் இணையத்துக்கும் எவ்வளவு தொடர்பு இருந்தது என்பது அந்த ஏற்றத்தில் ஒரு வித்தியாசமும் ஏற்படுத்தவில்லை.

ஆனால் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருந்தது. சந்தேகப்பட்டவர்களில்கூடப் பலர் அதை அன்று முழுதாகப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. பங்கு விலை, கம்பெனியின் வளர்ச்சியை வெளியில் நின்று அளக்கும் கருவியாக இல்லை. வளர்ச்சியை உண்டாக்கும் எரிபொருளாகவே ஆகியிருந்தது. விலை ஏறினால் புதிய கம்பெனிகளுக்குப் பணம் கிடைக்கும். அந்தப் பணத்தை அவர்கள் யாஹூவில் விளம்பரமாகச் செலவழிப்பார்கள், சிஸ்கோவிடம் கருவி வாங்குவார்கள். யாஹூவின் வருவாய் எகிறும். அதைப் பார்த்து இணைய விளம்பரம் இந்த வேகத்தில் வளர்கிறது என்று ஆய்வாளர் எழுதுவார். விலை இன்னும் ஏறும். ஆய்வாளர் பார்த்த வளர்ச்சி பொய் இல்லை, கணக்கிலும் கள்ளம் இல்லை. ஆனால் அந்த வளர்ச்சியே விலையேற்றத்தின் குழந்தை. பணவரத்து நின்றதும் யாஹூவின் வருவாய் 2000-ல் இருந்த சுமார் 111 கோடியிலிருந்து 2001-ல் 72 கோடிக்கு இறங்கியது. தலைகீழ்க் கணக்கில் ஒரு வருடம் கூடத் தவறாமல் 60% என்று சொன்னேனே, அது இரண்டாவது வருடத்திலேயே உடைந்தது. தொலைத்தொடர்பிலும் இதே கதைதான். இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்ற ஒரு வாசகம் அரசு அறிக்கை வரை போனது. அப்படியானால் வருடத்துக்கு 12 மடங்கு. ஏடி&டி ஆய்வகத்தில் இருந்த ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ அளந்து பார்த்து, வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் என்று அப்போதே எழுதினார். அந்த வாசகத்தை நம்பிக் கண்ணாடி இழை புதைத்தவர்களில் குளோபல் கிராஸிங், வேர்ல்ட்காம் இரண்டும் 2002-ல் திவாலாயின.

இத்தனை தெரிந்த ஆட்கள் இருந்தும் விலை ஏன் திருந்தவில்லை என்பதுதான் உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் அடுத்த கேள்வி. இதற்கு உறுதியான விடையில் ஒரு பகுதி பாம் கம்பெனியின் கதையில் இருக்கிறது. பாம் கையடக்கக் கணினி செய்த கம்பெனி, 3காம் அதன் தாய் நிறுவனம். 2000 மார்ச் 2 அன்று 3காம் தன் கையிலிருந்த பாமின் பங்குகளில் சுமார் 5% மட்டும் சந்தையில் விற்றது. மீதியைப் பின்னால் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுப்பதாக அறிவித்திருந்தது. ஒரு 3காம் பங்குக்கு சுமார் ஒன்றரை பாம் பங்கு. முதல் நாள் முடிவில் பாம் 95 டாலர். அப்படியானால் ஒரு 3காம் பங்கு குறைந்தது 142 டாலராவது இருக்க வேண்டும். இருந்தது 82 டாலருக்கும் கீழே. 3காமின் மீதித் தொழிலும், கையிலிருந்த ரொக்கமும் சேர்ந்து பூஜ்யத்துக்கும் கீழே 60 டாலர் என்று சந்தை சொன்னது. இதில் எதிர்காலத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு எதுவும் கிடையாது, வெறும் பெருக்கலும் கழித்தலும்தான். மறுநாள் செய்தித்தாளிலேயே வந்துவிட்டது, ஆனாலும் பல வாரம் அப்படியே நின்றது. லாமோண்ட், தேலர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து சொன்ன காரணம் எளிது: விலை அதிகம் என்று நினைப்பவர் பாம் பங்கைக் கடன் வாங்கி விற்க வேண்டும், ஷார்ட் செல்லிங் என்பது அதுதான். புழக்கத்தில் இருந்ததோ 5%. கடனுக்குப் பங்கே கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாடகை மிக அதிகம். சந்தேகப்படுகிறவரின் கருத்து விலைக்குள் நுழைய வாசலே இல்லை.

கடனுக்குப் பங்கு கிடைத்த இடத்தில் வேறு ஆபத்து. ஜூலியன் ராபர்ட்சன் நடத்திய டைகர் என்ற முதலீட்டு நிறுவனம் இணையப் பங்குகளைத் தொடாமல் நின்றது. முதலீட்டாளர்கள் பொறுமையிழந்து பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டே இருந்தார்கள். 2000 மார்ச் 30 அன்று அவர் கடையை மூடுவதாக அறிவித்தார். நாஸ்டாக் உச்சம் தொட்டு 20 நாள் ஆகியிருந்தது. சொன்னது சரி, ஆனால் சரி என்று தெரியும்வரை தாக்குப்பிடிக்கக் கையில் ஆட்கள் இல்லை. இன்னொரு பக்கம் ஸ்டான்லி டிரக்கன்மில்லர், சோரஸ் நிதியை நடத்தியவர், 1999-ல் இணையப் பங்குகளுக்கு எதிராக நின்று பணம் இழந்து, பிறகு மனம் மாறி உச்சத்துக்குப் பக்கத்தில் தொழில்நுட்பப் பங்குகளை வாங்கி மறுபடியும் இழந்தார். இவர்கள் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. அடுத்தவர் பணத்தை வைத்திருப்பவருக்கு, தனியாக நின்று சரியாக இருப்பதைவிடக் கூட்டத்தோடு தவறாக இருப்பது பாதுகாப்பானது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் நெருக்கடி எனக்குத் தெரியும்.

ஆய்வாளர்களின் நேர்மையைப் பற்றியும் பலர் கேட்பார்கள். இதில் உறுதியானது: நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சரின் விசாரணைக்குப் பிறகு, 2003-ல் 10 பெரிய முதலீட்டு வங்கிகள் சுமார் 140 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. பங்கு வெளியீட்டில் சம்பாதிக்கும் வங்கியே அந்தப் பங்கை வாங்கச் சொல்லி அறிக்கை எழுதியதுதான் பிரச்சினை. பிளாட்ஜெட் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 40 லட்சம் டாலர் செலுத்தினார், பங்குத் தொழிலில் நிரந்தரத் தடையும் ஏற்றார். ஆனால் அந்த வழக்கு மெரில் லின்ச்சில் அவர் எழுதிய அறிக்கைகளைப் பற்றியது, அமேசான் 400 அறிக்கையைப் பற்றியது அல்ல. இரண்டையும் சேர்த்துப் பேசுவது தவறு. விலை இவ்வளவு ஏறியதற்கு இந்த முறைகேடுதான் முதல் காரணம் என்பதையும் நான் ஏற்கவில்லை. கெட்ட அறிக்கை நெருப்பை ஊதியது, ஆனால் கொள்ளி வேறு இடத்திலிருந்து வந்தது.

உறுதியில்லாத விஷயங்களுக்கு வருகிறேன். எந்தச் சம்பவம் ஊதியதைக் குத்தியது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 1999 ஜூனிலிருந்து மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே வந்தது. 2000 மார்ச் 20 தேதியிட்ட பாரன்ஸ் இதழ், 207 இணையக் கம்பெனிகளின் ரொக்க இருப்பைக் கணக்கிட்டு, 51 கம்பெனிகளுக்கு 12 மாதத்துக்குள் பணம் தீரும் என்று எழுதியது. ஏப்ரல் முதல் வாரத்தில் மைக்ரோசாஃப்ட் மீதான ஏகபோக வழக்கில் தீர்ப்பு வந்தது. பங்கு வெளியிட்டபின் நிறுவனர்களும் ஊழியர்களும் சுமார் ஆறு மாதம் விற்கக் கூடாது என்ற லாக்-இன் கெடு, 1999-ல் வெளியான நூற்றுக்கணக்கான பங்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்து, சந்தையில் பங்கு குவிந்தது என்று ஓஃபெக், ரிச்சர்ட்சன் இருவரும் வாதிட்டார்கள். எனக்கு இந்தக் கடைசி விளக்கம் மற்றவற்றைவிட வலுவாகப் படுகிறது, பாம் கதையில் பார்த்த பூட்டு திறந்ததைத்தான் இது சொல்கிறது. ஆனாலும் இது என் சாய்வுதான், நிரூபணம் இல்லை.

அது ஊதிப்பெருத்ததுதானா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. பாஸ்டர், வெரொனேசி என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006-ல் எழுதிய ஆய்வில், எதிர்கால வளர்ச்சி எவ்வளவு என்பதில் நிச்சயமின்மை கூடக்கூட, பங்கின் மதிப்பும் நியாயமாகவே கூடும் என்று காட்டினார்கள். காரணம், வளர்ச்சி கூட்டு வட்டி போலப் பெருகுவது. நல்ல பக்கம் தப்பினால் கிடைப்பது, கெட்ட பக்கம் போனால் இழப்பதைவிடப் பல மடங்கு. இந்தக் கணக்கு சரியானது, புறக்கணிக்க முடியாதது. மொத்த நாஸ்டாக்கின் விலையில் ஒரு பெரிய பகுதியை இது விளக்கும் என்று நானும் நினைக்கிறேன். பாமின் கழித்தலையும், பெயர் மாற்றி ஏறிய கம்பெனிகளையும் இது விளக்காது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் இருந்த அமேசான் வாதத்தை நேராகவே எடுத்துக்கொள்கிறேன். அன்றும் இதைச் சொன்னார்கள்: பத்தில் ஒன்பது செத்தாலும் பரவாயில்லை, ஒரு வெற்றி எல்லாவற்றையும் ஈடுகட்டும். கணக்குப் போடலாம். 1999 டிசம்பர் உச்சத்தில் பத்துக் கம்பெனிகளில் சமமாகப் பணம் போட்டீர்கள் என்று வைப்போம். ஒன்பது வெப்வேன், இடாய்ஸ் ஆகிய இணையக் கடைகள் மாதிரி பூஜ்யமாகின்றன. இடாய்ஸ் முதல் நாளிலேயே பெரிய பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ்ஸின் மதிப்பைத் தாண்டிய கம்பெனி, 2001 மார்ச்சில் திவால். பத்தாவது அமேசான். உங்கள் ஜாதகத்தில் அதிர்ஷ்டம் இருந்து அதைச் சரியாகப் பொறுக்கிவிட்டீர்கள். உச்ச முடிவு விலை சுமார் 107 டாலர். போட்ட முதல் திரும்ப வர அமேசான் 1,070 டாலர் தொட வேண்டும். முடிவு விலையில் அதைத் தாண்டியது 2017 அக்டோபர் கடைசியில். ஏறக்குறைய 18 வருடம், வட்டி ஒரு காசு இல்லாமல். 1999 கடைசியில் அமெரிக்க அரசின் 10 ஆண்டுக் கடன் பத்திரமே வருடத்துக்கு 6 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் அமேசான் 94% விழுந்த காலமும் உண்டு. 2000 பிப்ரவரியில், கதவு மூடுவதற்குச் சில வாரம் முன்னால், பங்காக மாற்றிக்கொள்ளும் கடன் பத்திரங்கள் மூலம் ஐரோப்பாவில் அது 69 கோடி யூரோ திரட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே பத்துக் கம்பெனிக் கணக்கை, ஒன்பது பூஜ்யங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, 2001 இலையுதிர்கால விலையில் போட்டுப் பாருங்கள். அமேசான் 6 டாலர். முதல் திரும்ப வர 60 டாலர் போதும். 2007-ன் முதல் பாதியிலேயே அது வந்துவிட்டது. கம்பெனி அதே கம்பெனி, தொலைநோக்கும் அதே தொலைநோக்கு. ஒருவர் ஆறு வருடத்தில் முதலை மீட்டார், இன்னொருவர் 18 வருடம் காத்திருந்தார். 1997 மே மாதம் முதல் வெளியீட்டில் 18 டாலருக்கு வாங்கியவருக்கு, 1998, 1999 பங்குப் பிரிவுகளைக் கழித்துப் பார்த்தால் அடக்கவிலை ஒன்றரை டாலர். சந்தையே அழுதுகொண்டிருந்த அந்த 2001 அடிமட்டத்திலும் அவர் பணம் நான்கு மடங்காக இருந்தது.